புதுதில்லித் தொகுதியும் நம் வாக்கும்

தலைநகரிற் குடியேறிய நாம் புதுதில்லி மக்களவைத் தொகுதியின் வரலாற்றை அறிதல் நன்று. அஃது எக்கட்சிக்கும் நிலையான சொத்தாக இருந்ததில்லை. 1952இல், நடந்த முதற் பொதுத்தேர்தலிலேயே, காங்கிரசை விடுத்து, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சுசேதா கிருபளானியைத் தேர்ந்தெடுத்தது. 1957இல் அவரே காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். 1967இல் ஜனசங்கமும், 1971இல் மீண்டும் காங்கிரசும் வெற்றி பெற்றன. 1977, 1980 ஆகிய இரு தேர்தல்களிலும் வாஜ்பாய் வாகை சூடினார். 1991இல் அத்வானி, நடிகர் ராஜேஷ் கன்னாவை வென்றதோ வெறும் 1,589 வாக்குகளில்தான்!

அத்தனை வாக்குகள் நம்மவர் வாழும் சில குடியிருப்புகளிலேயே உண்டு. ஆயினும் பெயரைச் சொந்த ஊர்ப் பட்டியலில் விட்டுவிட்டு, தேர்தல் நாளில் ரயிலேறவும் இயலாது வாளாவிருப்போர் நம்மிற் பலர். நம் பிள்ளைகள் வளரும் ஊர் இது. இவ்வூர்ப் பட்டியலிலேயே நம் பெயரைச் சேர்ப்போமாக.