பிள்ளை வளர்ப்பு ஒரு படிப்பான கதை



நம்ம பக்கத்துல அங்கன்வாடியை இன்னும் பால்வாடின்னுதான் சொல்றோம். பால் ஊத்துற இடம்னு அர்த்தம் சொல்றவங்களும் உண்டு. ஆனால் அது தமிழ்ச் சொல் இல்லை. மராத்தி, குஜராத்தி பேசுகிற பக்கத்தில் இருந்து வந்தது. ‘பால்’ என்றால் குழந்தை, ‘வாடி’ என்றால் தோட்டம், ‘அங்கன்’ என்றால் முற்றம். முற்றத்தில் வைத்த தோட்டம்தான் அங்கன்வாடி. இந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு பெண்களின் உழைப்பு இருக்கிறது. அதை இந்த மலரில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இதைத் தேடிப் படிக்க ஒரு காரணம் உண்டு. எங்கள் குழுவில் ஒரு அக்கா, மகளின் மேல்படிப்புக்கு உள்கடன் கேட்டார். குழந்தை வளர்ச்சி பற்றிய எம்.எஸ்சி., இரண்டு வருடம். கூட்டத்தில் உடனே பேச்சு கிளம்பியது. “பிள்ளையப் பாத்துக்கவா ரெண்டு வருசம் படிக்கணும்? நாமெல்லாம் எந்தக் காலேஜுல படிச்சு வளர்த்தோம்?” நர்சிங் படிப்பு என்றால் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் கடன் கொடுத்து தீர்மானமும் எழுதினோம். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கிளை நூலகத்திலும் அந்தப் பெண் கொடுத்த புத்தகங்களிலும் படித்ததை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1837-இல் சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஒரு இடம் தொடங்கினார். 1840-இல் அதற்கு ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயர் வைத்தார். அதற்கும் குழந்தைகளின் தோட்டம் என்றுதான் அர்த்தம். நாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே, அந்தக் கே.ஜி. இதுதான். பிள்ளைகள் விளையாடித்தான் கற்கும் என்றார் அவர். அதை நடத்தப் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். 1851-இல் பிரஷ்ய அரசு இந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். தடை நீங்கியது 1860-இல்தான்.

அடுத்து வந்தவர் இத்தாலியின் மரியா மாண்டிசோரி அம்மா. 1896-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். ரோம் நகரில் ஏழைகள் வாழும் பகுதியில், தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் தெருவில் நின்ற பிள்ளைகளுக்காக 1907-இல் ஒரு வீடு திறந்தார். இவருக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது உலகப்போர். இத்தாலிக்காரர் என்பதால் வெள்ளைக்கார அரசு அவரைக் கட்டுப்பாட்டில் வைத்தது. அந்தப் போர்க் காலத்தில் நம்ம கொடைக்கானலில் தங்கி, அங்கேயும் பிள்ளைகளோடு வேலை செய்தார்.

அதற்கு முன்பே குஜராத்தில் மாண்டிசோரி முறையைப் படித்த கிஜுபாய் பதேகா என்ற வக்கீல், 1920-இல் பாவ்நகரில் பாலமந்திர் என்ற மழலையர் பள்ளி தொடங்கியிருந்தார். 1923-இல் அவரோடு வந்து சேர்ந்தவர் தாராபாய் மோடக். பெண்கள் காலேஜ் வாசலைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் பி.ஏ. முடித்தவர். பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இது போதுமா என்று அவருக்கு ஒரு உறுத்தல். 1945-இல் மகாராஷ்டிராவின் போர்டி என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். பிறகு 1950-களில் இருவரும் கோஸ்பாட் மலைக்குப் போனார்கள். அங்கே வார்லி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பள்ளி திறந்தால் பிள்ளைகள் வரவில்லை. பெண் பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்திருக்கும், பையன் மாடு மேய்ப்பான், அப்புறம் எப்படி வரும்?

அதனால் பள்ளியையே தூக்கிக்கொண்டு குடிசை முற்றத்துக்குப் போனார்கள். அதுதான் அங்கன்வாடி. பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைசீவி விட்டார்கள். விலை கூடிய சாமான்களுக்குப் பதிலாகக் கூழாங்கல், இலை, சிப்பி வைத்து எண்ணவும் வகை பிரிக்கவும் சொல்லித் தந்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கிவரும் அக்காவும் படிக்கட்டும் என்று குழந்தைகள் காப்பகத்தையும் பள்ளியையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடந்தது.

அனுதாய் பற்றி நமக்கு முக்கியமான ஒன்று. சிறு வயதிலேயே கல்யாணம், சில மாதத்திலேயே விதவை. வேலை பார்த்துக்கொண்டே இரவுப் பள்ளியில் படித்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பி.ஏ. பட்டம் வாங்கினார். அதற்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துவிட்டவர் அவர். கை பழகிய வேலைக்கும் படிப்பு வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள்!

காலேஜ்களிலும் இந்தப் பாடம் மெல்ல நுழைந்தது. டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-இல் வந்தது. பரோடா பல்கலைக்கழகத்தில் ஹன்சா மேத்தா அம்மையார் 1949-இல் துணைவேந்தர் ஆனார். அவர் காலத்தில் அங்கே மனையியல் தொடங்கி, குழந்தை வளர்ச்சி தனித் துறையாக வளர்ந்தது. 1957-இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்தது. அதைச் ‘சமையல் படிப்பு’ என்று கேலி பேசுபவர்கள் இன்றும் உண்டு. இப்போது டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் முன்மழலைப் பருவக் கல்விக்கென்றே எம்.ஏ. இருக்கிறது.

மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு, பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைகளைப் பற்றி 1972-இல் மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கோஸ்பாட் முற்றத்துப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு நல்வாழ்வுக் கல்வி என ஆறு சேவைகள். இத்தனையும் ஒரு டீச்சர், ஒரு உதவியாளர் கையில்!

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். நாம் படிக்காமல்தான் வளர்த்தோம், உண்மைதான். நிலாவைக் காட்டிச் சோறூட்டியதும் தாலாட்டியதும் நல்ல பாடம்தான். ஆனால் நாம் பார்த்தது நம்ம ரெண்டு மூணு பிள்ளைகளை. அங்கன்வாடி டீச்சர் முன்னால் இருப்பது இருபது வீட்டுப் பிள்ளைகள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை ‘அழுத்தக்காரன்’ என்று நாம் விட்டுவிடுவோம். அவனுக்குக் காது கேட்கிறதா என்று யோசிக்கப் படித்த கண் வேண்டும். எந்த மாதத்தில் பேச்சு வர வேண்டும், எடை ஏறாவிட்டால் என்ன செய்ய வேண்டும், அடம் எப்போது இயல்பு, எப்போது கவலை என்பதெல்லாம் அந்தப் படிப்பில் இருக்கிறது.

இவ்வளவு வேலைக்கும் அவர்கள் வாங்குவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பெண்கள் வீட்டில் சும்மா செய்கிற வேலைதானே என்ற நினைப்புதான் அந்தக் கூலியைக் குறைத்து வைத்திருக்கிறது. அந்த நினைப்பை நாமே பேசலாமா?

ஆகவே சகோதரிகளே, ஒரு பெண் இந்தப் படிப்பு படிக்கிறேன் என்று வந்தால் நர்சிங், பி.எட். படிப்புக்குச் சமமாக வைத்துக் கடன் கொடுப்போம். அங்கன்வாடியில் ஆட்டமும் பாட்டுமாக இருந்தால், “எழுத்து சொல்லித் தரலையா டீச்சர்?” என்று அவசரப்படாமல், ஒரு நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்போம். அந்த முற்றத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை நம்மைப் போன்ற பெண்களின் கைதான்.