நாமகிரியா, கற்பலகையா?

நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிலே வந்து கணக்குச் சொன்னாள். கணித மேதை இராமானுஜன் எழுதிக்கொண்டார்! சேலம் சீமையிலே இக்கதையைக் கேளாதவர் அரிது. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்து ஊர்தானே! ஆத்தூர்ச் சாலையிலுள்ள வாழப்பாடி மாணவனுக்கும் அது அண்டை ஊர்க் கதை.

இராமானுஜனே அவ்வாறு நம்பினார் என்று நண்பர்கள் எழுதியுள்ளனர். அதை நாம் மறைக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே: கனவே போதுமென்றால், கற்பலகை எதற்கு?

வரலாற்றைப் புரட்டுவோம். 1887-இல் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த அந்த ஏழை மாணவர் கையில், 1903-இல் ஒரு நூல் கிட்டிற்று. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்தது. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் கொண்டது. முடிவுகள் உண்டு, அவற்றை நிறுவும் வழியோ, பெரும்பாலும் ஓரிரு வரிக் குறிப்பு, அல்லது அதுவும் இல்லை. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவரைப் பயிற்றியவர் கார். இன்றைய பேச்சில் சொன்னால், அது ஒரு 'கைடு'!

பிறர் உருப்போட எடுக்கும் நூலை, இராமானுஜன் மல்லுக்கு நிற்க எடுத்தார். முடிவு இதோ, வழி எங்கே என்று கேட்டார். வழியைத் தாமே வெட்டினார். தாளுக்குக் காசில்லை. கற்பலகையில் எழுதினார், முழங்கையால் அழித்தார், மீண்டும் எழுதினார். தேறிய முடிவை மட்டுமே குறிப்பேட்டில் ஏற்றினார். அக்குறிப்பேடுகளின் முடிவுகளை நிறுவிக்காட்ட, புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது!

கல்லூரி என்ன செய்தது? பிற பாடங்களில் தவறியதால் எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வி, உதவித்தொகையும் பறிபோயிற்று. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர் வேலை. 1913-இல் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடல்தான் கேம்பிரிட்ஜின் கதவைத் திறந்தது. 1918-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று.

அப்படியானால் ஆசிரியரே வேண்டாவா? அன்று. வழிகாட்டியின்மையால், ஐரோப்பா முன்பே கண்டவற்றை மீண்டும் காண்பதில் அவருடைய இளமை கழிந்தது. பகா எண்கள் பற்றிய அவர் முடிவுகள் சில பிழையாயின. ஹார்டியே அதற்காக வருந்தினார். வழி காட்ட ஆள் வேண்டும். நமக்காக நடக்க ஆள் வேண்டா!

வாழப்பாடித் தம்பி! விடை தெய்வம் தந்தது என்பவனும், கைடு தந்தது என்பவனும் மறப்பது ஒன்றையே: மனிதனின் உழைப்பை. கடினமான கணக்கு வரும்போது விடைப் பக்கத்தை மூடிவை. எழுது, அழி, மீண்டும் எழுது. பிடிபடாவிட்டால் ஆசிரியரிடம் போ. ஆனால் விடையைக் கேளாதே. எந்த இடத்தில் தடுக்கிற்று என்று சொல்லி, அந்த இடத்தைக் கேள்!