நோவும் தேறுதலும்: தமிழர் மகப்பேற்று அனுபவமும் வரலாற்றுச் சான்றுகளும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ப் பகுதிகளின் மகப்பேற்று வரலாறு பெரும்பாலும் மருத்துவமனைகளின் தோற்றம், மருத்துவர்களின் தொண்டு, இறப்பு விகிதத்தின் வீழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஈன்றவளின் நோவும் ஈன்றபின் அவள் தேறிய நாள்களும் அவ்வரலாற்றில் சிறிதளவே இடம்பெறுகின்றன. இலக்கியம், நினைவுக்கல், தலபுராணம், மருத்துவ நூல், மருத்துவமனை வரலாறு, வாய்மொழித் தன்வரலாறு ஆகிய சான்றுகளில் அவ்வனுபவம் எவர் குரலில் பதிவாகியுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தபோது ஈனும் பொழுது மட்டுமே நிறுவனத்தின் பொறுப்பாயிற்று என்பதும், தேறும் நாள்கள் தாய்வீட்டின் பொறுப்பாகவே நீடித்தன என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மகப்பேறு, மருத்துவச்சி, சுமைதாங்கி, வலி, பேறுகாலம், தாய்வீடு

முன்னுரை

மகப்பேற்றில் நோவு, ஈனல், தேறுதல் என மூன்று கட்டங்கள் உள்ளன. முதலிரண்டும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ முடிந்துவிடுவன. மூன்றாவது வாரக்கணக்கில் நீள்வது. ஆயினும் வரலாற்று ஆவணங்களில் இவ்விகிதம் தலைகீழாக உள்ளது. பிறப்புப் பதிவேடு ஈன்ற நாளைக் குறிக்கிறது. மருத்துவ அறிக்கை ஈன்ற முறையையும் இறப்பையும் குறிக்கிறது. ஈன்றவள் எப்போது எழுந்து நடந்தாள், எப்போது வயலுக்குத் திரும்பினாள் என்பவை எப்பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆதலின் மகப்பேற்று அனுபவத்தை ஆராய்வோர், அலுவலக ஆவணங்களுக்கு அப்பாலும் சான்றுகளைத் தேட வேண்டியவராகின்றனர்.

1. சங்கப் பாடல்களில் ஈன்றவள்

ஈன்ற பெண்ணின் அறையைக் காட்டும் தொன்மையான தமிழ்ச் சான்றுகள் நற்றிணையில் உள்ளன. அதன் 40, 370ஆம் பாடல்களில் நெய்யும் ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகும் ஈன்றவளோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. நெய் உடலைப் பேணுவதற்கும் ஐயவி தீங்கு அணுகாமல் காப்பதற்கும் உரியன. ஈன்றவள் சில நாள்கள் தனித்த கவனத்திற்குரியவள் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே சடங்கு வடிவம் பெற்றிருந்ததை இவை உணர்த்துகின்றன.

எனினும் இப்பாடல்களில் ஈன்றவள் பேசுவதில்லை. 40ஆம் பாடலில் அவள் இமை மூடிக் கிடக்கிறாள். கணவன் நள்ளிரவில் ஒளிந்து வருகிறான். 370ஆம் பாடல் ஊடலைத் தீர்க்க இயலாத கணவன் பாணனிடம் கூறும் நினைவு. மகன் பிறந்தமையால் புதிய பெயர் பெற்றுத் துயிலும் மனைவியை அவன் நகையாடியதை அது சொல்கிறது. தந்தையின் மகிழ்ச்சிக்கும் தயக்கத்திற்கும் இடமளித்த அகமரபு, தாயின் நோவைத் துறையாக வகுத்துக்கொள்ளவில்லை. தமிழில் மகப்பேறு பற்றிய தொன்மையான பதிவு ஒருவகையில் தந்தையின் பதிவாகவே அமைந்துள்ளது.

2. சுமைதாங்கியும் தாயுமானவரும்

எழுத்தில் இடம்பெறாத துயரம் கல்லில் இடம்பெற்றது. நிறுத்திய இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல்லாக அமைவது சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்போர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைக்க இது பயன்பட்டது. வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதனை வழியோரத்தில் நாட்டுவது தமிழ்நாட்டில் பரவலாக நிலவிய வழக்கம். இறக்கப்படாத சுமையோடு சென்றவளின் ஆவி, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் சுமை இறக்குந்தோறும் ஆறுதல் பெறும் என்பது நம்பிக்கை. சில கற்களில் இறந்தவளின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. வீட்டுப் பிரசவக் காலத்தை இடரற்ற பொற்காலமாகக் கருதும் போக்கிற்கு இக்கற்களே மறுப்பாக நிற்கின்றன.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தலவரலாறு வேறொரு செய்தியைத் தருகிறது. நிறைமாதப் பெண்ணான இரத்தினாவதிக்குப் பேறு பார்க்க வந்த தாய், காவிரியின் வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இறைவன் தாயின் வடிவில் வந்து பேறு பார்க்கிறான். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து சேர்கிறாள். பிரசவத்தின் பேரச்சமாக இக்கதை முன்வைப்பது வலியை மட்டுமன்று, தாய் உடனில்லாத தனிமையையும் ஆகும். திருக்கருகாவூர்க் கருக்காத்த நாயகி வழிபாடு கருவைக் காப்பதை மையமாகக் கொண்டது; பெரியாச்சி வழிபாடு ஈனும் பொழுதையும் பச்சிளங்குழந்தையையும் காப்பதை மையமாகக் கொண்டது. மூன்றையும் ஒருசேர நோக்கின், மகப்பேற்றின் கட்டங்களுக்கேற்பக் காவல் பங்கிடப்பட்டிருந்தமை புலனாகும்.

3. மருத்துவச்சியும் மருத்துவ நூலும்

ஊர்களில் பேறு பார்த்தவர்களுள் பெரும்பாலோர் நாவிதர் சமூகப் பெண்கள். பல ஊர்களில் தலித் பெண்களும் இப்பணியைச் செய்தனர். மருத்துவச்சி என்னும் பெயர் அவர்களை மருத்துவம் அறிந்தவர்களாகவே சுட்டுகிறது. ஆனால் கொடி அறுத்தல், நஞ்சுக்கொடியைப் புதைத்தல் போன்ற பணிகள் தீட்டுக்குரியனவாகக் கருதப்பட்டமையால், இன்றியமையாதவளே விலக்கத்தக்கவளாகவும் நடத்தப்பட்டாள். காலனிய எழுத்துகள் இந்தியப் பேறு பார்ப்போர் அனைவரையும் ‘தாயீ’ என்னும் வடபுலச் சொல்லுக்குள் அடக்கி, அவர்களை அழுக்கின் உருவமாகத் தீட்டிக் காட்டின. 1927இல் வெளிவந்த கேதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ இப்போக்கின் உச்சம். பெண்ணின் துன்பத்தைப் பேசிய அந்நூல், அதனைப் பேரரசின் ஆட்சியை நியாயப்படுத்தும் சான்றாகவும் ஆக்கிக்கொண்டது.

பேற்று மருத்துவம் தமிழில் எழுதப்படாத துறையும் அன்று. யாழ்ப்பாணத்துப் பரராசசேகரம் கருப்ப நோய்களையும் குழந்தை நோய்களையும் தனித்தனியே பேசுகிறது. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பிக்க முற்பட்டபோது வெளியிட்ட தொடக்க நூல்களுள் ஒன்று 1857ஆம் ஆண்டின் ‘பிரசவ வைத்தியம்’. இந்நூல் உருவாக்கிய கலைச்சொற்கள் பயிற்சி பெற்ற மருத்துவருக்கு உரியவை. மருத்துவச்சியின் சொற்களோ வாய்மொழியிலேயே வழங்கின. ஒரே நிகழ்வுக்குத் தமிழிலேயே இருவேறு சொல்லுலகங்கள் உருவாயின.

4. மருத்துவமனையின் வருகை

சென்னையில் அரசு மகப்பேற்று மருத்துவமனை 1844இல் தோன்றியது. இதுவே பின்னர் எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது. அன்றைய நிலையில் மருத்துவமனை வீட்டைவிடப் பாதுகாப்பானது எனக் கூற இயலாது. பிரசவத்திற்குப் பின் வரும் காய்ச்சலை மருத்துவர்களின் கைகளே பரப்புகின்றன என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இல்தான் உணர்ந்தார். அவர் கருத்தும் உடனடியாக ஏற்கப்படவில்லை. ஈன்றவளுக்குச் ‘சன்னி’ காணும் என்று தமிழ்க் குடும்பங்கள் அஞ்சியதும், ஐரோப்பிய மருத்துவமனைகள் பேற்றுக் காய்ச்சலுக்கு அஞ்சியதும் சமகால நிகழ்வுகள்.

மருத்துவமனையை ஏற்பதில் சாதியும் கோஷா முறையும் தடைகளாயின. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்குப் பயின்ற முதல் அணியினருள் ஒருவரான மேரி ஷார்லீப், சாதி இந்து மகளிருக்கும் கோஷா மகளிருக்கும் உரிய மருத்துவமனையை 1885இல் நிறுவினார். திருவல்லிக்கேணிக் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதன் தொடர்ச்சியாகும். தடையை உடைப்பதற்கு மாறாக அதனை ஏற்றுக்கொண்டே மருத்துவமனை உள்ளே நுழைந்தது.

இக்காலத்தைப் பற்றி மிகுதியும் எடுத்துரைக்கப்படும் நிகழ்வு ஐடா ஸ்கடர் கூறியது. 1890களின் முற்பகுதியில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவர்கள் தத்தம் மனைவியரின் பேற்றுக்கு உதவி வேண்டி அவரிடம் வந்தனர். மருத்துவரான அவர் தந்தையை அனுப்ப முன்வந்தும், ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவு ஐடாவை மருத்துவம் பயிலச் செய்தது. 1900இல் திரும்பிய அவர் வேலூரில் தொடங்கிய பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்தது. இந்நிகழ்வின் பயன் பெரிது. ஆயினும் இது மருத்துவரின் அழைப்புக் கதையாகவே நினைக்கப்படுகிறது. இறந்த மூவரும் பெயரின்றியே அதில் வருகின்றனர். கணவர்களும் மறுப்போராக மட்டுமே எஞ்சுகின்றனர். நள்ளிரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டும் அளவிற்கு அவர்களைச் செலுத்திய அச்சம், பின்வந்த எடுத்துரைப்புகளில் மங்கிப்போயிற்று.

விடுதலைக்கு முந்தைய நிலையின் கடுமையை 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை காட்டுகிறது. ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் இறந்தனர் என்பது அதன் மதிப்பீடு. மருத்துவமனை நோக்கிய நகர்வைப் பண்பாட்டு இழப்பாக மட்டும் எழுதவிடாமல் இவ்வெண் தடுக்கிறது.

5. வலி என்னும் சொல்

‘வலி’ என்பது தமிழில் நோவையும் வலிமையையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரு பொருளும் மகப்பேற்றில் ஒன்றாகின்றன. சூட்டுவலியையும் உண்மையான பேற்றுவலியையும் பிரித்தறியச் சீரகக் கஷாயம் கொடுப்பது குடும்பங்களில் நிலவும் வழக்கம். சூட்டுவலியாயின் தணியும், பேற்றுவலியாயின் மிகும். வலி மிகுவதே ஈனல் நெருங்குவதன் அடையாளமாகக் கருதப்பட்டது.

1990களில் தமிழ்நாட்டில் களஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், 2003இல் வெளியிட்ட ‘பர்த் ஆன் த த்ரெஷோல்ட்’ நூலில் இதன் தற்கால வடிவத்தை ஆராய்கிறார். மேலைநாடுகளில் வலியைக் குறைக்கும் மருந்தே நவீனப் பிரசவத்தின் அடையாளமாக இருக்க, இங்குள்ள பெண்கள் பலர் வலியைக் கூட்டும் ஊசியை வேண்டினர் என்றும், அவ்விருப்பம் பெண்ணின் சக்தி பற்றிய கருத்தோடு தொடர்புடையது என்றும் அவர் காட்டுகிறார். அரசு மருத்துவமனைகளில் ஈன்ற உடனேயே, பெண்ணின் தெளிவான ஒப்புதலின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதையும் அந்நூல் பதிவு செய்கிறது. மருத்துவமனையைத் தேடிச் சென்ற பெண்ணே அதன் அதிகாரத்திற்கு அஞ்சியவளாகவும் இருந்தாள் என்பது இதனால் விளங்கும்.

பேறு பார்த்தவளும் பெற்றவளும் ஒருவராகவே நின்று பேசும் அரிய சான்று வீரம்மாவின் வாழ்க்கை வரலாறு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள காரணி ஊரைச் சேர்ந்த தலித் கூலித்தொழிலாளியும் மருத்துவச்சியுமான அவர், பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று அவர்களுள் பெரும்பாலோரை இழந்தவர். அவர் தமிழில் சொன்னவற்றை ஜோசியான் ரசீன், ழான்-லுக் ரசீன் ஆகியோர் தொகுத்தனர்; நூல் 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. தமிழ் மருத்துவச்சி ஒருவரின் குரல் முதலில் பிறமொழி வழியாகவே நூலுருப் பெற்றது தமிழ் ஆவணமரபின் குறையைச் சுட்டுகிறது.

6. பேறுகாலத் தேறுதல்

ஈன்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பது வழக்கு. ஆறாத புண்ணையும் மூடப்படாத உடலையும் இச்சொல் ஒருங்கே குறிக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்வது, வயிற்றில் துணி கட்டுவது, வேது பிடிப்பது, பத்திய உணவு, பூண்டும் பனங்கருப்பட்டியும் சேர்ந்த பிரசவ லேகியம், பால் சுரக்கப் பால்சுறா முதலியன தேறுதலின் கூறுகள். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பதும், இஸ்லாமியக் குடும்பங்களில் 40 நாள் காப்பதும் இக்காலத்தின் எல்லைகள். தீட்டு என்னும் விலக்கு, ஈன்றவளுக்கு அடுப்படியிலிருந்து ஓய்வையும் தந்தது. தண்ணீர் அருந்துவதைக் கட்டுப்படுத்தல், சீம்பாலைத் தவிர்த்தல் போன்ற தீங்கான பழக்கங்களும் அதே மரபில் இருந்தன.

இவ்வோய்வு எல்லார்க்கும் வாய்க்கவில்லை. தாய்வீட்டில் உணவுக்கு வழியுள்ளவளுக்கே நாற்பது நாள் உரியதாயிற்று. அன்றாடக் கூலியை நம்பியவள் முன்னரே வயலில் இறங்கினாள். சட்டம் இதனைத் தாமதமாகவே கண்டுகொண்டது. 1934ஆம் ஆண்டின் சென்னை மகப்பேற்று நலச் சட்டம் ஆலைத் தொழிலாளரை நோக்கியது. 1961ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் ஈன்றபின் ஆறு வாரம் பெண்ணை வேலையில் அமர்த்துவதைத் தடை செய்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. வேளாண் கூலிப் பெண்கள் இவற்றுக்கு வெளியே நின்றனர். முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய உதவித் திட்டம், ஏழைத் தாய்மார் இழக்கும் கூலியை ஈடுசெய்ய முற்பட்டதனால் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனை, சுகாதார நிலையங்களில் நிகழ்ந்தன, 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவங்கள். முதல் எண் சுமைதாங்கிகள் இனி எழுப்பப்பட வேண்டாத நிலையை நோக்கிய பெருஞ்சாதனை. இரண்டாம் எண் தேறுதலின் தன்மையே மாறிவிட்டதைக் காட்டுகிறது. பத்தியமும் லேகியமும் இயல்பான பேற்றை ஒட்டி உருவானவை. இன்று ஏறத்தாழப் பாதித் தாய்மார் அறுவைப் புண்ணோடு தாய்வீடு திரும்புகின்றனர். மருத்துவமனை சில நாள்களில் அனுப்பிவிடுகிறது. பாட்டியின் அறிவோ இப்புண்ணைக் கண்டறியாதது. இரண்டிற்கும் இடைப்பட்ட வாரங்களை ஈன்றவள் தன் உடலைக் கொண்டே கற்றுக்கொள்கிறாள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2000களில் பேற்றறைக்குள் பெண்துணை ஒருவரை அனுமதிக்கும் முறை புகுத்தப்பட்டது. தாயுமானவர் கதை உணர்த்திய தேவையை நிர்வாகம் நெடுங்காலத்திற்குப் பின் ஏற்றதாக இதனைக் கொள்ளலாம். ஈனும் பொழுதுக்குக் கிடைத்த அத்துணை, தேறும் நாள்களுக்கும் நிறுவனத்தின் பொறுப்பாக நீள்வது இன்றைய தேவை. அதற்கு முற்படுவோருக்கு எண்களோடு தாய்மாரின் சொற்களும் வேண்டும். வீட்டுப் பேற்றையும் மருத்துவமனைப் பேற்றையும் ஒருங்கே அறிந்த மூத்த பெண்களும், பேறு பார்த்த மருத்துவச்சிகளும் அருகிவரும் காலம் இது. அவர்கள் கூற்றுகளை அவர்கள் மொழியிலேயே தொகுப்பது தமிழ் ஆய்வுலகம் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.