மெய்ப்பு பெறாத உயில்களும் குடும்ப நிலவழக்குகளும்: சென்னை நகர எல்லையை முன்வைத்து

முன்னுரை

குடும்பத் தலைவர் ஒருவர் இறந்தபின் அவரது நிலம் குறித்து எழும் வழக்குகளில் உயில் பெரும்பாலும் இடையில்தான் தோன்றுகிறது. பாகம் கேட்டு ஒருவர் வழக்கிடுவார். எதிர்வழக்குரையில் மற்றொருவர் பழைய உயிலொன்றை முன்வைப்பார். அது மெய்யானதா, புனையப்பட்டதா என்று ஆராயும் முன்பே, சென்னை நகரில் வேறொரு வினா நெடுங்காலம் குறுக்கே நின்றது: அவ்வுயிலுக்குப் புரொபேட் பெறப்பட்டதா என்பதே அது. உயிலின் மெய்ம்மையை நீதிமன்றம் உறுதிசெய்து, தன் முத்திரையுடன் அதன் படியை வழங்குவதே புரொபேட் எனப்படும் உயில் மெய்ப்பு ஆகும். இது போலி உயில்களைத் தடுக்கும் காப்பு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் குடும்பத்துக்குள் இவ்விதி, உயிலால் பயன்பெற வேண்டியவரைவிட, உயில் இல்லையெனில் யாருக்குச் சொத்து சேருமோ அவருக்கே துணைநின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து.

உயிலின் வருகை

தர்மசாத்திர நூல்களில் பாகப்பிரிவினையும் தானமும் விரிவாகப் பேசப்படுகின்றன. இறந்தபின் நடைமுறைக்கு வரும் சாசனத்துக்கு அவற்றில் தனியிடம் இல்லை. உயில் என்ற சொல்லே ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம்தான். மரணசாசனம் என்ற சொல்லும் வழங்கியது. 1726ஆம் ஆண்டுப் பட்டயத்தால் சென்னையில் அமைந்த மேயர் நீதிமன்றம் மெய்ப்பு வழங்கும் அதிகாரம் பெற்றிருந்தது. பின்னர் அவ்வதிகாரம் உச்சநீதிமன்றத்துக்கும் (1801), உயர்நீதிமன்றத்துக்கும் (1862) வந்தது.

நகருக்கு வெளியே நிலைமை வேறு. சென்னை மாகாணத்தின் 1829ஆம் ஆண்டு 5ஆம் ஒழுங்குவிதி, இந்துச் சட்டத்துக்கு இயைந்த அளவில் மட்டுமே இந்துக்களின் உயில்கள் செல்லும் என்றது. 1856இல் நாகலட்சுமி அம்மாள் எதிர் கோபு நடராஜ செட்டி வழக்கில் பிரிவி கவுன்சில், சென்னை மாகாண இந்து ஒருவர் தம் சொத்தை உயிலால் வழங்கலாம் என்பதை ஏற்றது. 1874இல் விட்லா பட்டன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு வரம்பு கட்டியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கை ஒரு பங்காளி உயிலால் வழங்க இயலாது. அவர் இறக்கும் நொடியில் எஞ்சிய பங்காளிகளின் உரிமை முந்திக்கொள்கிறது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. ‘இது தகப்பனார் சுயமாகச் சம்பாதித்ததா, பூர்வீகமா?’ என்று இன்றும் ஒவ்வொரு நிலவழக்கிலும் எழும் கேள்வி இங்கிருந்தே வலுப்பெற்றது எனலாம்.

சட்டம் வரைந்த எல்லை

1870ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம், வங்காள லெப்டினன்ட் கவர்னரின் ஆட்சிப்பகுதியிலும், சென்னை, பம்பாய் உயர்நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் அதிகார எல்லைக்குள்ளும் அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் இந்துக்கள், சமணர், சீக்கியர், பௌத்தர் எழுதும் உயில்களுக்குப் பொருந்தியது. மெய்ப்பின்றி உயில்வழி உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட இயலாது என்ற விதி அதன்வழி அவர்களுக்கும் வந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213ஆம் பிரிவுகள் இதனைத் தொடர்ந்தன.

எல்லை இருவகையில் செயற்பட்டது. உயில் நகருக்குள் எழுதப்பட்டிருந்தால் மெய்ப்பு தேவை; வெளியே எழுதப்பட்டிருந்தாலும் நகருக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பொறுத்தவரை தேவை. ஒருவர் செங்கற்பட்டில் எழுதிய உயிலில் மயிலாப்பூர் வீடும் செங்கற்பட்டு நஞ்சையும் இருந்தால், வீட்டுக்கு மெய்ப்பு வேண்டும், நஞ்சைக்கு வேண்டா. அதே உயிலை ஜார்ஜ் டவுனில் அமர்ந்து எழுதியிருந்தால் நஞ்சைக்கும் அது தேவைப்படும். தஞ்சையிலோ மதுரையிலோ எழுதப்பட்டு அவ்வூர் நிலத்தையே குறிக்கும் உயிலுக்கு இத்தடை இல்லை. 1927க்கு முன் அங்கெல்லாம் இந்துக்களின் வாய்மொழி உயில்கூடச் செல்லும். வணிக நகரில் கடன் கொடுத்தோருக்கும் நிலம் வாங்குவோருக்கும் தேவைப்பட்ட உறுதிப்பாடே இவ்வேறுபாட்டின் பின்னணி எனக் கொள்ளலாம். குடும்பத்தின் தேவை அதில் எண்ணப்பட்டதாகத் தெரியவில்லை.

மெய்ப்பு இன்மையின் பயன் யாருக்கு?

மெய்ப்பு பெறாமையால் உயில் செல்லாததாகிவிடுவதில்லை. மெய்ப்பு எப்போது கிடைத்தாலும் அது இறந்த நாள் முதலே பயன்தரும். ஆனால் அதுவரை நீதிமன்றத்தில் அவ்வுயில்வழி உரிமை கோர இயலாது. உயில் எழுதாது இறந்த இந்துவின் வாரிசுகளுக்கோ இத்தகைய முன்நிபந்தனை ஏதுமில்லை. ஆகவே ஒருவர் கையில் உயிலும் மற்றவர் கையில் வாரிசுரிமையும் இருக்கையில், செலவும் காலமும் முதலாமவர் தலையிலேயே விழுந்தன. உயிலில் நிறைவேற்றுநர் பெயரில்லையெனில் உயில் இணைக்கப்பட்ட நிருவாகப் பத்திரம் கோர வேண்டும். உறவினர் ஒருவர் கேவியட் தாக்கல் செய்து மறுத்தால் மனு முழு வழக்காக மாறும்.

1937க்கு முந்தைய நிலையைக் கருதினால் இதன் கனம் புலப்படும். மகன்கள் இருக்கையில் கணவரின் தனிச்சொத்தில் மனைவிக்கு ஜீவனாம்ச உரிமையே இருந்தது. வீட்டை அவளுக்கு முழு உரிமையுடன் வழங்க விரும்பிய கணவருக்கு உயில் ஒரு முக்கிய வழி. அவ்வுயிலுக்கு மெய்ப்பு பெறாமல் அவள் அவ்வீட்டிலேயே வாழ்ந்து வந்தால், மகன்களோ பேரர்களோ வழக்கிடும் நாளில் அவள் கையிலுள்ள தாள் பேசாது. தாய் தன் மகன்மீது நீதிமன்றம் ஏறுவதை இழுக்காகக் கருதிய குடும்பங்களில் இத்தாமதம் இயல்பானதே.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோரைச் சம வாரிசுகளாக்கியபின், அதே விதி வேறுபுறம் திரும்பியது. மகள்களை விலக்கி மகன்களுக்கு மட்டும் எழுதப்பட்ட உயில், மெய்ப்பு பெறப்படாதிருந்தால், பாகம் கேட்கும் மகளுக்கு எதிராகச் செல்லவில்லை. பெண்களின் சொத்துரிமை வரலாற்றை எழுதுவோர் இத்திருப்பத்தைத் தனியே கவனிக்க வேண்டும். சீர்திருத்த நோக்கமே இல்லாத ஒரு நடைமுறை விதி இங்குச் சீர்திருத்தத்துக்கு உதவியுள்ளது. இத்தடை வாதிக்கு மட்டுமன்றிப் பிரதிவாதிக்கும் உண்டு என 1962இல் ஹேம் நளினி ஜூடா வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் கூறியதால், வீட்டை அனுபவத்தில் வைத்திருந்த மகனும் உயிலைக் கேடயமாகப் பிடிக்க இயலவில்லை.

தாமதத்தின் இழப்பு சான்றுகளிலும் உண்டு. சான்றொப்பமிட்டவருள் ஒருவரையேனும் விசாரிக்க வேண்டும் என்பது விதி; அவர்கள் இறந்திருந்தால் கையெழுத்தை அறிந்தவரைத் தேட வேண்டும். 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில், உயிலைச் சூழ்ந்த ஐயங்களை நீக்கும் பொறுப்பு அதனை முன்வைப்பவருடையதே என உச்சநீதிமன்றம் வகுத்தது. மெய்ப்புக்கான மனுவுக்கு மூன்றாண்டுக் காலவரையறை பொருந்தும் என்று 2008இல் தீர்ப்பாயினும், மனுச்செய்யும் உரிமை எழும் நாளிலிருந்தே அது கணக்கிடப்படும். அது இறந்த நாளா, உறவினர் உயிலை மறுத்த நாளா என்பதே பின்னர் தனியொரு வாதமாயிற்று. இத்தனைக்கும் மெய்ப்பு நீதிமன்றம் நிலத்தின் உரிமைமூலத்தைத் தீர்மானிப்பதில்லை. பூர்வீகமா, சுயார்ச்சிதமா என்ற பூசல் வேறொரு வழக்கில் மீண்டும் தொடங்கும்.

2025இல் நாடாளுமன்றம் 213ஆம் பிரிவை நீக்கியபோது, மயிலாப்பூர் வீட்டுக்கும் செங்கற்பட்டு நஞ்சைக்கும் இடையே 1870 முதல் நின்ற கோடு அழிந்தது. சான்றொப்பச் சாட்சியைத் தேடும் வேலை அழியவில்லை. மெய்ப்பு மனுவில் நிகழ்ந்த அவ்விசாரணை இனிப் பாகப்பிரிவினை வழக்கினுள்ளேயே நிகழும். ஆதலால் நகரக் குடும்ப வழக்குகளை ஆராய்வோர் மெய்ப்பு வழக்குக் கட்டுகளோடு உரிமையியல் நீதிமன்றக் கட்டுகளையும் இணைத்தே படிக்க வேண்டியிருக்கும்.