நள்ளிரவு பன்னிரண்டும் காலை ஆறும்

பெட்ரோல் விலையேற்றத்தின்மீது மக்களுக்கு எழும் கோபத்திற்கு ஒரு காலத்தில் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. மாலையில் டில்லியிலிருந்து அறிவிப்பு வரும். நள்ளிரவு முதல் அது நடப்புக்கு வரும். இடைப்பட்ட சில மணி நேரத்தில், பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி செல்லும் சி.டி.எச். சாலையின் பெட்ரோல் பங்குகளில் இருசக்கர வண்டிகளின் வரிசை தெருவரை நீளும். நின்றவருக்கு மிஞ்சியது பத்து இருபது ரூபாய்தான். ஆயினும் அவ்வரிசை ஒரு சிறு பொதுமன்றம். முன்பின் அறியாதவர்கள் அமைச்சரின் பெயரைச் சொல்லி ஒன்றாகத் திட்டிய இடம். அது மறைந்துபோன வரலாற்றையே இங்கு நாம் சொல்ல முற்படுகிறோம்.

மேற்குப் புறநகரின் வண்டியோட்டிகளை மயிலாப்பூர்க்காரரோடு ஒன்றாக எண்ணலாகாது. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கிச் சென்ற தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுச் சென்றது, பூந்தமல்லியைத் தொடவில்லை. இரயில் கிழக்கு மேற்காக ஓட, வேலைக்குப் போகிறவரோ பல வேளைகளில் தெற்கு வடக்காகப் போகவேண்டியிருந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. அதே பத்தாண்டில் ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் உருவாகத் தொடங்கின. லேத் பட்டறையில் இரவு ஷிப்ட் முடித்துப் பூந்தமல்லி திரும்புகிறவருக்கு எந்த இரயிலால் என்ன பயன்?

முதலில் அவருக்குச் சைக்கிள் இருந்தது. அச்சைக்கிள் பிறந்ததும் அம்பத்தூரில்தான். 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை அங்கிருந்தே நாடெங்கும் அனுப்பியது. பெட்ரோலே வேண்டாத வாகனத்தைச் செய்து கொடுத்த ஊர், பின்னர் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்ததும் தூரத்தின் கணக்கு மாறிப்போயிற்று. வேலைக்குப் பக்கத்தில் வீடு தேடியவர்கள், வாடகை மலிவான இடத்தில் வீடு தேடலாயினர். அந்த மலிவு வாடகைக்குள் பெட்ரோலின் விலையும் ஒளிந்திருந்தது.

1973 அக்டோபரில் மூண்ட அரபு–இஸ்ரேல் போரின் பின் சில மாதங்களில் கச்சா எண்ணெய் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அவ்வாண்டு நவம்பரில் பெட்ரோல், மண்ணெண்ணெய் விலையேற்றத்தைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றம் சென்றதைப் பலரும் அறிவர். அடுத்த சில ஆண்டுகளில் எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் கால்டெக்ஸும் அரசுடைமையாயின. எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து விலையை அரசே நிர்ணயித்தது. இம்முறையின் குறைகள் பல. மானியச் சுமையை மறைக்க எண்ணெய்க் கடன் பத்திரங்கள் வெளியிட்ட விந்தைகளும் பின்னாளில் நடந்தன. எனினும் அதற்கொரு நேர்மை இருந்தது என்பது நம் கருத்து: விலையை ஏற்றியவர் யாரென்று ஏற்றப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது.

2002 ஏப்ரலில் நிர்வாக விலைமுறை ஏட்டளவில் முடிவுக்கு வந்தது. 2010 சூன் 26இல் பெட்ரோல் உண்மையாகவே சந்தைக்கு விடப்பட்டது. 2014 அக்டோபரில் டீசலும். அதற்கிடையே, 2012 மே 23 இரவு ஒரே மூச்சில் லிட்டருக்குச் சுமார் ஏழரை ரூபாய் ஏறியது. மே 31இல் நாடு தழுவிய கடையடைப்பு. நள்ளிரவு யுகத்தின் பெருங்கோபம் அது.

2017 சூன் 16 முதல் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்றாயிற்று. இன்று பதினெட்டு காசு, நாளை இருபத்தொரு காசு என்றால் வரிசையில் நிற்க எவர் வருவார்? காசுகளுக்காகக் கடையடைப்பு நடத்த எக்கட்சி முன்வரும்? 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் சுழியத்திற்குக் கீழே சரிந்தது. அப்பயன் இங்கு வந்து சேரவில்லை. மே மாதம் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் உயர்த்தியது. மாநில அரசும் தன் பங்குக்கு மதிப்புக்கூட்டு வரியை ஏற்றியது. 2021 சூலை தொடக்கத்தில் சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைக் கடந்தது. ஆகஸ்டில் மாநில அரசு மூன்று ரூபாய் குறைத்ததும், நவம்பரில் மத்திய அரசு ஐந்து ரூபாய் குறைத்ததும் அதன் பின்னரே.

அந்த நவம்பர்க் குறைப்புக்குப் பின், உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை, நான்கு மாதங்களுக்கும் மேலாக நாள்தோறும் மாறவேண்டிய விலை அசையவே இல்லை. முடிவுகள் வெளியாகி, 2022 மார்ச் 22 முதல் மீண்டும் காசு காசாக ஏறத் தொடங்கியது. சந்தை எனப்பட்டது தேர்தல் நாட்காட்டியைப் படிக்கவும் அறிந்திருந்தது!

எல்லாவற்றையும்விட நம்மை வியக்கவைப்பது பங்குகளின் ஒரு பழைய வழக்கம். தொழிற்பேட்டைக்காரர் லிட்டரில் கேட்பதில்லை; "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்கிறார். அவர் கொடுக்கும் பணம் மாறுவதில்லை. 2012இல் அந்த நூறு ரூபாய்க்கு ஒரேகால் லிட்டருக்கும் மேல் கிடைத்தது. 2021 சூலையில் ஒரு லிட்டரே முழுதாகக் கிடைக்கவில்லை. விலையேற்றத்தை அவர் பங்கில் காண்பதில்லை. வியாழக்கிழமை வரை ஓடிய வண்டி புதன் மாலையே திருவேற்காட்டுக்கு அருகில் நின்றுவிடுகிறபோது, அதை ஒருபுறமாகச் சாய்த்து மீண்டும் உதைத்துப் பார்க்கையில்தான் காண்கிறார்; அங்கே அவர் தனியாகத்தான் இருக்கிறார்.