கொள்ளைநோயும் ஒரு குக்கிராமமும்

பேரரசர்களின் படையெடுப்புக்களும் பெருநகரங்களின் எழுச்சி வீழ்ச்சிகளுமே வரலாறு என்று எண்ணுவோர் பலர். வாளேந்தி அறியாத சில நூறு மக்கள் வாழ்ந்த சிற்றூர் ஒன்றும் வரலாற்றில் நிலைத்த இடத்தைப் பெறுதல் கூடும் என்பதற்கு, இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டாபிசயர் மாவட்டத்து மலைச்சாரலில் அமைந்துள்ள ஈம் என்னுங் கிராமம் சான்றாகும்.

ஈம் என்ற பெயர் தமிழ்ச் செவிக்கு ஈமம் என்ற சொல்லை நினைவூட்டும். இவ்வொற்றுமை ஓசையளவினதே. நீரோடைகளுக்கு இடையே தீவு போன்று கிடக்கும் நிலம் என்பதே பழைய ஆங்கிலத்தில் இப்பெயரின் பொருள் என்பர். எனினும், இக்கிராமத்தின் கதையை அறிந்தோர்க்குத் தமிழ்ப்பொருளும் பொருந்தாததன்று எனத் தோன்றும்.

ஈம் பழமை வாய்ந்த ஊர். அதன் தேவாலய முற்றத்தில், ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிற்பவேலைப்பாடுடைய கற்சிலுவையொன்று இன்றும் நிற்கின்றது. வில்லியம் மன்னன் 1086இல் எடுப்பித்த நிலக்கணக்கேட்டிலும் ஊரின் பெயர் காணப்படுகின்றது. நிலம் வளங்குன்றியது, குளிரோ கடியது. ஆடு வளர்த்தும், சிறிது பயிரிட்டும், மலையைக் குடைந்து ஈயம் எடுத்தும் மக்கள் வாழ்ந்து வந்தனர். நாட்டின் அரசியலில் எழுந்த புயல்கள் யாவும் இவ்வூரைத் தொடும்போது மெல்லிய காற்றாகவே வந்து சேர்ந்தன.

1665ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் சூறையாடியது. பதிவேடுகளிற் கண்ட கணக்கின்படியே 68,000 பேருக்கு மேல் அந்நோயால் மாண்டனர். அவ்வாண்டின் கோடை முடிவில், ஏறத்தாழ 150 மைல் தொலைவிலிருந்த ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவர் வீட்டுக்கு இலண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. அவ்வீட்டில் தங்கித் தொழில் செய்த ஜோர்ஜ் விக்கர்ஸ் என்பவர் பொதியை அவிழ்த்து, ஈரமாயிருந்த துணியை நெருப்பருகே விரித்து உலர்த்தினார் என்பது வழிவழி வந்த செய்தி. துணியோடு தெள்ளுப்பூச்சிகளும் வந்திருந்தன போலும். செப்ரெம்பர் 7ஆந் திகதி விக்கர்ஸ் அடக்கஞ் செய்யப்பட்டார். அடுத்து அவ்வீட்டாரும், அயல்வீட்டாரும் ஒருவர் பின் ஒருவராக மடியத் தொடங்கினர்.

மாரிக்குளிரில் நோய் சற்றே அடங்கியது, முற்றாக அகலவில்லை. 1666ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது மீண்டும் சீறி எழுந்தது. வசதி படைத்த சிலர் முன்னரே ஊரை விட்டு நீங்கியிருந்தனர். எஞ்சியோர் தாமும் ஓடிவிடுவதா என்று கலங்கி நின்றனர். அவர்கள் ஓடியிருந்தால், ஏறத்தாழ 12 மைல் தொலைவிலுள்ள செபீல்ட் முதலான ஊர்களுக்கும் நோய் அவர்களுடன் சென்றிருக்கும் என்ற அச்சம் அன்று இருந்தது.

இவ்விடத்தில் இரு குருமாரின் பணி கருதற்பாலது. ஒருவர் வில்லியம் மொம்பெசன்; 1664இல் வந்து சேர்ந்த இளைய பங்குக் குரு. மற்றவர் தோமஸ் ஸ்ரான்லி. அரசு விதித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்தமையால் 1662இல் அதே பதவியை இழந்த முதியவர். ஊர்மக்களுட் பலர் ஸ்ரான்லியையே தம் குருவாக மதித்தனர். புதியவரிடம் நம்பிக்கை கொண்டாரல்லர். சமய வேறுபாடு பகையாக மூண்டிருந்த அக்காலத்தில் இவ்விருவரும் முகம் பார்த்துப் பேசுதலே அரிது. ஆயினும் மரணம் வாயிலில் நின்றபோது இருவரும் ஒன்றுபட்டனர். ஒருவரது சொல்லை மட்டுங் கேட்டு மக்கள் இணங்கியிருத்தல் ஐயமே. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னமையால் இணங்கினர்.

மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. இறந்தோரைத் தேவாலய முற்றத்துக்குக் கொண்டு செல்லாது, அவரவர் குடும்பத்தாரே தத்தம் நிலத்தில் விரைந்து புதைத்தல் வேண்டும் என்பது முதலாவது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெற் டெல்வ் என்னும் திறந்த பள்ளத்தாக்கில் குடும்பங்குடும்பமாக விலகி நின்று வழிபடுதல் வேண்டும் என்பது இரண்டாவது. ஊரின் எல்லையைத் தாண்டி எவரும் செல்லுதல் கூடாது. வெளியார் எவரும் உள்ளே வருதலுங் கூடாது என்பது மூன்றாவது.

அடைபட்ட ஊருக்கு உணவளிப்பார் யார்? சற்ஸ்வேர்த் மாளிகையில் வாழ்ந்த டெவன்சயர்ப் பிரபு உணவும் மருந்தும் அனுப்ப முன்வந்தார். அயற்கிராமத்தார் எல்லைக் கற்களருகே பொருள்களை வைத்துவிட்டு அகன்றனர். ஈம் மக்கள் விலைப்பணத்தைக் கல்லிற் குடைந்த குழிகளில் வினாகிரி ஊற்றி அதனுள் இட்டனர். வடக்கேயுள்ள ஊற்றொன்றில் ஓடும் நீரிலும் நாணயங்கள் இடப்பட்டன. கிருமி என்பதையே அறியாத காலத்தில், தொடுகையைத் தவிர்த்தல் வேண்டும் என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தமை வியப்புக்குரியது.

அக்கோடையின் துயரம் சொல்லுந் தரத்ததன்று. யூலை மாதத்தில் 56 பேரும், ஓகஸ்ற் மாதத்தில் 78 பேரும் இறந்தனர். ஊர்ப்புறத்துப் பண்ணையொன்றில் வாழ்ந்த எலிசபெத் ஹன்கொக் என்னுந் தாய், எட்டு நாட்களுக்குள் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தாள். உதவிக்கு வருவார் எவருமின்றி, அவ்வுடல்களைத் தானே இழுத்துச் சென்று, தானே குழி தோண்டிப் புதைத்தாள். மொம்பெசன் தம் பிள்ளைகள் இருவரையும் முன்னரே யோர்க்சயருக்கு அனுப்பியிருந்தார். அவர் மனைவி கதரீனோ கணவரைப் பிரிய மறுத்து அங்கேயே தங்கினாள். ஓகஸ்ற் 25ஆந் திகதி அவளும் நோய்க்கு இரையானாள்.

நவம்பர் 1ஆந் திகதி நிகழ்ந்த மரணமே இறுதியானது. அம்மாதம் 20ஆந் திகதி எழுதிய கடிதமொன்றில், 76 குடும்பங்களை நோய் தொட்டது என்றும் 259 பேர் மாண்டனர் என்றும் மொம்பெசன் குறித்துள்ளார். ஊரின் மக்கட்தொகை 350 என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அது 700க்குக் குறையாது என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. எவ்வாறாயினும், மூவரில் ஒருவரையேனும் அவ்வூர் இழந்தது. ஆனால், அயலூர்களுக்கு நோய் பரவவில்லை.

பிற்காலத்தார் இந்நிகழ்ச்சியைத் தியாக காவியமாகப் போற்றினர். குறிப்பாக, 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் இதற்குப் புதுமெருகு ஊட்டினர். அண்மைக்கால வரலாற்றாசிரியர் சிலரோ வேறு வினாக்களை எழுப்புகின்றனர். பொருளுடையோர் விலகிச் சென்றபின், போக்கிடமற்ற ஏழைகள் தங்கியதை முழு மனத்துடன் செய்த தியாகம் எனலாமா? அடைபட்டுக் கிடந்தமையாலேயே உள்ளூரில் மரணம் மிகுந்ததா? இவ்வினாக்களைப் புறக்கணித்தல் நேர்மையாகாது.

நோயின் கிருமியை 1894இல் ஹொங்கொங் நகரில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தார். எலியின் தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்புகின்றது என்பதை 1898இல் கராச்சியில் போல் லூயி சிமோன் எடுத்துக் காட்டினார். ஈம் கிராமத்து மரணப்பதிவுகளைக் கணித முறையில் ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, அங்கு நோயுற்றோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர்க்கு அது மனிதரிடமிருந்தே தொற்றியது எனக் கூறுகின்றது. அவ்வாறாயின், எல்லையைத் தாண்டாதிருந்தமை அயலாருக்கு அரணாக அமைந்தது என்பதும் மெய். அவ்வரணின் விலையை ஊரார் தம் உயிராற் கொடுத்தனர் என்பதும் மெய். அச்சமின்றி நின்றவர் மட்டுமே தியாகிகள் என்று கொள்ளவேண்டுவதில்லை. அஞ்சிக்கொண்டே நின்றவரின் செயலும் குறைந்ததன்று.

கொள்ளைநோய்க்குப் பின்னும் ஊர் அழியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கங்கள் செழித்தன. பின்னர்ப் பட்டு நெசவும், சப்பாத்துத் தொழிலும் பலருக்குப் பிழைப்பளித்தன. காலப்போக்கில் அவையும் ஒழிந்தன. 1951இல் அமைந்த நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவினுள் இன்று இக்கிராமம் அடங்கியுள்ளது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 969 பேர். உல்லாசப் பயணிகளின் வருகை ஊருக்கு வருவாய் தருகின்றது. 1994இல் திறக்கப்பட்ட அரும்பொருட்சாலை ஒன்றும் உண்டு. நோய் கண்ட வீடுகளின் முகப்பில் இறந்தோரின் பெயர்ப் பலகைகள் காணப்படுகின்றன. அவற்றின் பின்னே சாளரத்தில் பூச்சாடிகள். உள்ளே மக்கள் குடியிருக்கின்றனர். மரணத்தின் நினைவும் அன்றாட வாழ்வும் ஒரே சுவரைப் பகிர்ந்து கொள்ளுகின்றன.

ஆண்டுதோறும் ஓகஸ்ற் மாதத்து இறுதி ஞாயிறன்று, ஊரார் ஊர்வலமாகச் சென்று, முன்னோர் விலகி நின்று வழிபட்ட அதே பள்ளத்தாக்கில் கூடி வழிபடுகின்றனர். 200ஆம் ஆண்டு நிறைவான 1866 தொடக்கம் இவ்வழக்கம் நிலவுகின்றது. அக்காலத்தை ஒட்டி ஊர்க் கிணறுகளையும் மலரிதழ்களாற் சித்திரம் அமைத்து அலங்கரிக்கின்றனர். ஹன்கொக் குடும்பத்தின் கல்லறைகள் வட்டமான கற்சுவரொன்றினுள், வயல் நடுவே காக்கப்பட்டு வருகின்றன.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் கதவுகள் அடைபட்டபோது, இச்சிற்றூரின் பெயர் மீண்டும் பலர் நாவில் ஒலித்தது. என் நலம் எங்கு முடிந்து, அயலான் நலம் எங்கு தொடங்குகின்றது என்ற வினா எக்காலத்துக்கும் உரியது. ஈம் மக்கள் அதற்கு ஏட்டில் விடை எழுதவில்லை. ஊரெல்லையிற் கிடக்கும் ஒரு கல்லும், அதிற் குடைந்த சில குழிகளுமே அவர்கள் விட்டுச்சென்ற விடை. அக்குழிகளில் இன்று மழைநீர் தேங்கி நிற்கின்றது.