பிள்ளை பெற்ற வயிறு: ஒரு அறுவை சிகிச்சைக்கு விலை வந்த கதை

"டம்மி டக்குக்கு எவ்வளவு ஆகும்?" என்று தேடினால் நொடியில் பதில் வந்துவிடும். ஒரு லட்சம், ஒன்றரை, இரண்டரை என்று மருத்துவமனைக்கு மருத்துவமனை ஒரு தொகை. ஆனால் அந்தப் பணம் ஏன் மொத்தமாக நம் கையிலிருந்தே போகிறது, காப்பீடு ஏன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, பெரும்பாலான சிகிச்சைக்கு வரி இல்லாத நாட்டில் இதற்கு மட்டும் ஏன் வரி? இதற்கெல்லாம் விலைப்பட்டியலில் பதில் இருக்காது. கொஞ்சம் பழைய கதையைப் புரட்டணும்.

முதலில் இது என்ன சிகிச்சை என்று பார்த்துவிடுவோம். அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு இடுப்பெலும்பு குறுக்காகக் கீறி, தொங்குகிற தோலையும் அதனடிக் கொழுப்பையும் எடுத்துவிட்டு, மிச்சத் தோலை இழுத்துத் தைப்பார்கள். தொப்புளுக்குப் புதுத் துளை போட்டு அதைச் சரியான இடத்தில் பொருத்துவார்கள். வெளியே தெரியாத வேலை ஒன்றும் உள்ளே நடக்கும். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப்பட்டைகள் கர்ப்ப காலத்தில் விலகிப் போகின்றன. பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே சேர்ந்துவிடும், சிலருக்குச் சேராது. சேராத தசையை இழுத்துத் தைப்பதும் இந்தச் சிகிச்சையின் பாதி. இது எடை குறைக்கும் சிகிச்சை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடணும்.

வயிறு விலகும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியாத சங்கதியா? பிள்ளை பெற்றவளுக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது இன்றும் பல வீடுகளில் உண்டு. அந்தத் துணி தசையைத் தைத்துவிடாது. ஆனாலும் பிரசவத்தோடு வயிற்றுக்கு ஏதோ ஆகிறது, அதைக் கவனிக்கணும் என்கிற அறிவு அதில் இருக்கிறது. வயிறு கட்டுவதை யாரும் 'அழகு வேலை' என்று சொன்னதில்லை.

அறுவை சிகிச்சையும் அழகு நிலையத்தில் பிறக்கவில்லை. 1890இல் பிரான்சில் டெமார்ஸ், மார்க்ஸ் என்ற இருவர் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் பெரிய அளவில் வெட்டியெடுத்ததைத்தான் மருத்துவ வரலாற்றில் முதலில் குறிப்பிடுவார்கள். 1899இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்டு கெல்லி இதைச் செய்து எழுதினார். ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து அவர் எடுத்த மடிப்பு ஏழு கிலோவுக்கு மேல். கெல்லி யார் தெரியுமா? பெண்கள் நோய் மருத்துவர். 1905இல் பிரான்சில் கோடே, மோரெஸ்தென் இருவரும் இதை எழுதியது தொப்புள் குடலிறக்கத்தைச் சரிசெய்யும் முறையாக. ஆக முதல் பதினைந்து வருஷக் கதை முழுக்கக் குடலிறக்கம், நடக்க முடியாத பாரம், பெண்கள் வார்டு. எல்லாம் உடம்பு உபாதைதான்.

அழகு உள்ளே வந்தது பிறகு. தொப்புளை இடம் மாற்றிப் பொருத்தும் முறையை 1957இல் வெர்னான் எழுதினார். 1967இல் பிரேசிலின் இவோ பிடாங்கி, தான் செய்த 300 சிகிச்சைகளை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார். கீறலை உள்ளாடைக்குள் மறைகிற அளவுக்குக் கீழே கொண்டுபோனது அவர் முறை. பணக்காரர்கள் தேடிப் போன மருத்துவர் அவர். அதே ஆள் ரியோவின் சாண்டா காசா தரும மருத்துவமனையில் ஏழைகளுக்கென்று ஒரு பிரிவும் நடத்தினார். தழும்பும் தொங்கும் வயிறும் ஏழையையும் உறுத்தும் என்பது அவர் வாதம். ஒத்துக்கொள்கிறோமோ இல்லையோ, அந்த ஊரில் அந்தக் கேள்வி எழுந்தது.

தமிழ்நாட்டில் அரசு பிளாஸ்டிக் சர்ஜரி வளர்ந்த வழி வேறு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைப் பிரிவு நாடறிந்தது. இயந்திரத்தில் சிக்கிய கை, துண்டான விரல் எல்லாம் அங்கே வந்தன. கீழ்ப்பாக்கத்தில் தீக்காயம். தொழிலாளியின் விரலைத் திரும்ப ஒட்டவைப்பதற்குக் காசு கேட்கக்கூடாது என்பதில் இங்கே இரண்டு கருத்து இருந்ததில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் இதன் கூடவே ஒரு பழக்கமும் படிந்துவிட்டது: விபத்தில் போனது இழப்பு, மற்றதெல்லாம் ஆசை.

அந்தப் பழக்கம் சட்டமானது 2009இல். அந்த ஜூலையில்தான் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கி, ஏழைக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றார்கள். அதே ஆண்டு மத்திய பட்ஜெட், அழகு அறுவை சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் சேவை வரி போட்டது. செப்டம்பர் 1 முதல் அமல், செஸ் சேர்த்து 10.3 சதவீதம். விலக்கும் கொடுத்தார்கள். பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, சிதைவு நோய், காயம், அதிர்ச்சிக் காயம் இவற்றால் கெட்ட உடலமைப்பையோ இயக்கத்தையோ மீட்கும் சிகிச்சை என்றால் வரி கிடையாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வரி 18 சதவீதமானது. விலக்குப் பட்டியலில் 'சிதைவு நோய்' என்ற சொல் காணாமல் போயிருந்தது.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பிரசவம் என்ற சொல் இரண்டிலுமே இல்லை. கர்ப்பம் பிறவிக் குறையும் இல்லை, விபத்தும் இல்லை. அப்படியானால் பிரசவத்தில் விலகிய தசை எந்தப் பெட்டியில் விழும்?

2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் எல்லா பாலிசிக்கும் பொதுவான விலக்குகளை வகுத்தது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் சிகிச்சை என்று மருத்துவர் சான்று தந்தாலும் உண்டு. இங்கேயும் பிரசவம் இல்லை. முதுகுவலியோடு பத்து வருஷம் நடமாடுகிறவளுக்கு 'உடனடி ஆபத்து' என்று யார் எழுதித் தருவார்கள்?

இப்போது குன்றத்தூருக்கு வருவோம். சேக்கிழார் பிறந்த ஊர், முருகன் மலை என்று சொன்ன காலம் போய், இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் ஊர் இது. அசெம்பிளி லைனில் ஷிப்ட் முழுக்க நிற்கிற பெண்கள் இதில் நிறைய. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இஎஸ்ஐ உண்டு. அந்த உச்சவரம்பில் இருப்பவர் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 157 ரூபாய் 50 காசு. பதிலுக்கு இஎஸ்ஐ பிரசவம் பார்க்கிறது, 26 வாரம் சம்பளம் தருகிறது. உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

இவருக்கு டம்மி டக் என்றால் கணக்கு இப்படி. சிகிச்சைக்கு ஒன்றரை லட்சம் என்று வெச்சுக்குவோம். வரி 27,000. மொத்தம் 1,77,000. உச்சவரம்பில் சம்பளம் வாங்குபவருக்கே இது எட்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். இதோடு ரத்தப் பரிசோதனை, இறுக்குப் பட்டை, மருந்து, திரும்பத் திரும்பப் போய்வரும் செலவு. கனம் தூக்கும் வேலைக்குத் திரும்ப ஆறு வாரமாவது ஆகும், அந்தச் சம்பளமும் கணக்கில் சேரணும். பிரஸ் மெஷினில் விரல் போனால் சட்டத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பிள்ளை பெற்றதில் வயிறு போனால் பெயர் இல்லை, பில் மட்டும்தான்.

இப்படித்தான் இருக்கணும் என்று விதி ஒன்றும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் பிரசவத்துக்குப் பிந்தைய இந்தச் சிகிச்சையை 2016 ஜனவரியில் அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து நீக்கினார்கள். மருத்துவர்களும் தாய்மார்களும் விடவில்லை. 2022 ஜூலை 1 முதல் திரும்ப வந்தது, கறாரான நிபந்தனைகளோடு. தசை இடைவெளி குறைந்தது 3 செ.மீ. இருக்கணும், பிரசவமாகி ஒரு வருஷம் கழிந்திருக்கணும், வலியோ வேறு உபாதையோ இருக்கணும், பிசியோதெரபி செய்தும் பலிக்காமல் இருக்கணும். ஆசைக்கும் தேவைக்கும் நடுவே கோடு அங்கேயும் உண்டு. ஆனால் அதை ஸ்கேனை வைத்துப் போட்டார்கள்.

தமிழ்நாட்டில் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இன்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வயிற்றைக் கீறித் தைத்த பெண்கள் இத்தனை பேர் இருக்கும் மாநிலத்தில் இந்தக் கேள்வியை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது கஷ்டம். பழைய தையல் வழியாகக் குடல் பிதுங்கினால் அது குடலிறக்கம், வியாதிப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

ஆகவே இந்தச் சிகிச்சையை யோசிக்கிறவர்கள் தொகையைக் கேட்கும் முன் மூன்று விஷயம் கேட்கலாம். தசை எவ்வளவு விலகியிருக்கிறது, குடலிறக்கம் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்த்து எழுத்தில் வாங்குங்கள். பிசியோதெரபியை முதலில் முயலுங்கள், பலருக்கு அதுவே போதும். சிகிச்சைதான் என்று முடிவானால், குடலிறக்கத்துக்கு எவ்வளவு, தோலுக்கு எவ்வளவு, மயக்க மருந்து நிபுணருக்கு எவ்வளவு, வரி எதன்மேல் என்று பிரித்து எழுதிக் கேளுங்கள். மருத்துவர் எழுதும் ஒரு சொல் பல ஆயிரம் ரூபாயை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும்.

கெல்லியின் வார்டில் இது பெண்களின் நோயாக இருந்தது. நம் வரிச் சட்டத்தில் ஆடம்பரமாகிவிட்டது. வயிறு என்னவோ அதே வயிறுதான். விலக்குப் பட்டியலில் 'பிரசவம்' என்று ஒரு சொல் சேர்க்க எவ்வளவு செலவாகும் என்பதையும் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.